பாளையக்காரர் போரும் வகுப்பறைத் திரையும்

1798-ஆம் ஆண்டு. கப்பப் பாக்கி பற்றிப் பேச வரும்படி பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனுக்குக் கலெக்டர் ஜாக்சன் ஓலை அனுப்புகிறார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போகிறார். பார்க்க முடியாது என்று பதில் வருகிறது. கலெக்டர் அடுத்த ஊருக்கு நகர, பாளையக்காரரும் பின்னாலேயே போகிறார். சேத்தூர், திருவில்லிபுத்தூர், பாவாலி, கமுதி என்று அந்த வழியை வரலாற்று நூல்கள் வரிசையாகச் சொல்கின்றன. கடைசியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில்தான் சந்திப்பு நடக்கிறது. அவமானத்தின் அந்த நெடும்பாதையில் பெரும்பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வருகிறது. பாவாலி விருதுநகரை ஒட்டிய கிராமம். சேத்தூரும் திருவில்லிபுத்தூரும் நம் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஊர்கள். ஆனாலும் கட்டபொம்மன் என்றதும் அவர்கள் மனத்தில் வருவது ஒரு திரைப்பட நடிகரின் முகமும், அவர் பேசிய வசனமும்தான்.

இது குறையா, நிறையா? வரலாற்றுப் பாடத்தில், அதிலும் போர்களைப் பற்றிய பாடத்தில், காணொலி என்ன செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது? பள்ளிக்கூடங்களில் ஸ்மார்ட் போர்டு மாட்டும் வேலை வேகமாக நடக்கும் இந்த நேரத்தில் கேட்டாக வேண்டிய கேள்வி இது. கருவி வந்துவிட்டது. அதில் எதை, எப்படி, எவ்வளவு நேரம் காட்டுவது என்ற பேச்சுதான் இன்னும் தொடங்கவில்லை.

கையில் இருப்பதை முதலில் பார்ப்போம். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘மக்களின் புரட்சி’ என்ற பாடமும், பத்தாம் வகுப்பில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பற்றிய பாடமும் பாளையக்காரர் போர்களைச் சொல்கின்றன. ஒன்பதாம் வகுப்பின் ‘புரட்சிகளின் காலம்’ அமெரிக்க விடுதலைப் போரைச் சொல்கிறது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டது. போனில் ஸ்கேன் செய்தால் பாடக் காணொலி வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படமும் திரையிடுகிறார்கள். இவற்றுக்கு வெளியே யூடியூப் என்னும் கரையில்லாத கடல் இருக்கிறது.

கல்வித் துறை தயாரித்த காணொலிகளில் பெரும்பாலானவை ஆசிரியர் ஒருவர் நின்று பாடம் நடத்துபவைதான். பேச்சு தெளிவாக இருக்கும், தகவலில் பிழை குறைவு, தேர்வுக்குத் திரும்பிப் பார்க்க உதவும். ஆனால் வகுப்பில் ஏற்கெனவே ஒரு ஆசிரியர் நிற்கிறார். அவர் சொல்ல வேண்டியதையே திரையில் இன்னொருவர் சொன்னால் பிள்ளைகளுக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு அது ஆறுதல். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி சூடு பிடிப்பது கதைப் படங்களில்தான். 1959-இல் பாளையக்காரர் போர் பற்றி இரண்டு படங்கள் வந்தன: பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, மருது சகோதரர்களைப் பற்றிக் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’. ஒன்று வண்ணத்தில் வந்து கெய்ரோ விழாவில் நடிகருக்குப் பரிசு வாங்கித் தந்தது. மற்றொன்று கறுப்பு வெள்ளையில் வந்து போனது. மருது சகோதரர்களைவிடக் கட்டபொம்மனைத் தமிழ்நாடு அதிகம் அறிந்திருப்பதற்கு அந்த வேறுபாடும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். எந்தப் போர் நினைவில் நிற்க வேண்டும் என்பதை ஓரளவு பிலிம் சுருள் தீர்மானித்திருக்கிறது.

வகுப்பறையில் படம் என்ன செய்யும் என்ற கேள்வியை அமெரிக்காவில் நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இனிப் பள்ளிக்கூடங்களில் புத்தகத்துக்கு வேலை இருக்காது, எல்லாவற்றையும் சினிமாவே கற்றுக்கொடுத்துவிடும் என்று 1913-இல் தாமஸ் எடிசன் சொன்னார். 1920-களில் யேல் பல்கலைக்கழக அச்சகம் அமெரிக்க வரலாற்றை மௌனப் படங்களாக எடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது. மொத்தம் 15 படங்கள். ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்த யார்க்டவுன் போரும் அவற்றில் உண்டு. நோல்டன், டில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் படங்களை நியூ ஹேவன் நகர ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சோதித்து, 1929-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். படம் பார்த்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள், கற்றதைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள், வகுப்பில் கூடுதலாகப் பேசினார்கள். ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற கால வரிசையில் மட்டும் படம் பெரிதாக உதவவில்லை.

அந்தக் கடைசி முடிவை நம் ஆசிரியர்கள் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் காலக்கோடு வரையச் சொல்லி வினா வருகிறது. பாளையக்காரர் போர்கள் என்றால் 1755, 1780, 1799, 1801 என்று கோட்டில் குறிக்க வேண்டும். திரையிலோ எல்லாமே இப்போது நடக்கிறது. புலித்தேவருக்கும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது என்பது அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு காணொலிகளில் தெரியாது. மீசை, வாள், குதிரை, வெள்ளைக்காரத் தொப்பி என எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

2009-இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள், மாணவர்களுக்குச் சரியான வரலாற்றுக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, அதே பொருள் பற்றிய ஹாலிவுட் படத் துண்டையும் காட்டினார்கள். படமும் கட்டுரையும் ஒத்துப்போன இடங்களில் நினைவு ஏறக்குறைய பாதி அளவு கூடியது. படம் கட்டுரைக்கு முரணாகச் சொன்ன இடங்களிலோ, பாதி அளவு வரை மாணவர்கள் படத்தின் தவறையே விடையாகத் தந்தார்கள். சரியானதைக் கண்ணால் படித்திருந்தும்! ‘படத்தில் சில தவறுகள் இருக்கும், கவனமாகப் பாருங்கள்’ என்று பொதுவாக எச்சரித்ததால் பலன் இல்லை. இன்ன காட்சியில் இன்ன தவறு என்று குறிப்பிட்டுச் சொன்னபோதுதான் அந்த மயக்கம் பெருமளவு விலகியது.

அமெரிக்க விடுதலைப் போர் பற்றி மெல் கிப்சன் நடித்து 2000-இல் வந்த ‘தி பேட்ரியட்’ படத்தில், ஆங்கிலேயப் படை ஒரு தேவாலயத்துக்குள் ஊர் மக்களை அடைத்துத் தீ வைக்கும் காட்சி வரும். அப்படி ஒன்று அந்தப் போரில் நடந்ததாக எந்தப் பதிவும் இல்லை. பார்த்தவர் மனத்திலிருந்து அந்தத் தீயை அணைக்க எத்தனை பக்கம் படித்தாலும் போதாது.

இந்த வெளிச்சத்தில் நம் கட்டபொம்மன் படத்துக்கு வருவோம். அதை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. பாளையக்காரர் போரைப் பாமரர் வரைக்கும் கொண்டுசேர்த்த பெருமை அந்தப் படத்துக்கு உண்டு. ம.பொ.சி.யின் உழைப்பும் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் வகுப்பறைக்குள் வரும்போது அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும்.

திரையில் கட்டபொம்மன் ஜாக்சனை வசனத்தால் சுட்டெரிக்கிறார். பத்தாம் வகுப்புப் பாடநூல் சொல்வது வேறு. ஜாக்சன் முன்னால் அவர் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார். ஆபத்தை உணர்ந்து தப்ப முயன்றபோது கோட்டை வாசலில் கைகலப்பு நடந்து, கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி உட்படச் சிலர் கொல்லப்பட்டார்கள். அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார். இதற்குப் பின் நடந்ததை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்புகிறார். கிழக்கிந்தியக் கம்பெனி மூவர் குழுவை அமைக்கிறது. அவர் குற்றமற்றவர் என்று குழு சொல்கிறது. ஜாக்சன் பதவி நீக்கப்படுகிறார். 3310 பகோடாவாக இருந்த பாக்கியில் 1080 மட்டும் மிச்சம் என்ற அளவுக்குக் கட்டபொம்மன் கட்டியும் விடுகிறார்.

வரியே கட்டமாட்டேன் என்று முழங்கிய வீரன் எங்கே, பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டி, மனு எழுதி, விசாரணைக்குப் போய் ஜெயித்து, அதற்குப் பிறகும் ஓராண்டுக்குள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட மனிதன் எங்கே! என் பார்வையில் இரண்டாமவரே பெரியவர். சட்டத்தின் எல்லா வாசல்களையும் தட்டிப் பார்த்த பிறகும் கம்பெனி அவரை விடவில்லை என்பதுதான் அந்த ஆட்சியின் மேல் வைக்கக்கூடிய கனமான குற்றச்சாட்டு. திரை வசனத்தில் இந்தக் கனம் கரைந்துபோகிறது.

இடத்தைப் பற்றியும் படம் ஒரு தவறான உருவத்தை நட்டுவிட்டது. படத்தின் போர்க் காட்சிகள் ராஜஸ்தானில் எடுக்கப்பட்டவை. உண்மையான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் ஆனது. அதன் சிறப்பே அதுதான்: பீரங்கிக் குண்டு பட்டால் கல் சுவர் பிளந்து சரியும், கெட்டியான மண் சுவர் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய பின், இடிக்கப்பட்ட கோட்டையை ஊர் மக்களால் சில நாட்களில் திரும்ப எழுப்ப முடிந்தது மண் என்பதால்தான். அந்த மண் கோட்டை மாதக்கணக்கில் கம்பெனிப் படையைத் திணறடித்து, மே மாதக் கடைசியில்தான் விழுந்தது. பிறகு அதைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். சுற்றுலாவில் பிள்ளைகள் பார்த்துவரும் கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கட்டடம். வகுப்பில் படத்தின் கோட்டைக் காட்சியை நிறுத்திவைத்து, இது எதனால் கட்டியது, நிஜத்தில் எதனால் கட்டியிருந்தார்கள், ஏன் என்று மூன்று கேள்வி கேட்டாலே அரை மணி நேரப் பாடம் நடந்துவிடும்.

எட்டயபுரம் விஷயம் இன்னும் நுட்பமானது. படம் வந்த பிறகு எட்டயபுரம் பாளையக்காரரின் எட்டப்பன் என்ற பெயர் ஊர் வழக்கில் துரோகிக்குப் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. ஆனால் இரண்டு பாளையங்களுக்கும் இடையே அதற்கு முன்பே எல்லைத் தகராறு இருந்தது; கம்பெனி பக்கம் நின்றவர்களும் பலர். ஒரே ஒரு துரோகியால்தான் தோற்றோம் என்று சொல்லிவிட்டால், கம்பெனி எப்படிப் பணத்தாலும் பீரங்கியாலும் ஒப்பந்தங்களாலும் பாளையங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விழுங்கியது என்ற பெரிய கதை பிள்ளைகளுக்குப் போய்ச்சேராது.

இனி நம் மாவட்டத்தில் எந்த ஆசிரியரும் தவிர்க்க முடியாத இடத்துக்கு வருகிறேன். பாளையக்காரர் போர் இங்கே முடிந்துபோன கதையல்ல. 1997-இல் கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவராகப் போற்றப்படும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. அதை எதிர்த்துக் கிளம்பிய மோதல்கள் தென்மாவட்டங்களை உலுக்கின. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஒன்றாக நின்று போரிட்டவர்களை, இருநூறு ஆண்டு கழித்து, ஒவ்வொரு சாதியும் தனக்கென்று பிரித்து எடுத்துக்கொண்டது.

இன்று அந்தப் பிரிவினை யூடியூபில் குடியிருக்கிறது. புலித்தேவர், கட்டபொம்மன், சுந்தரலிங்கம், ஒண்டிவீரன், மருது பாண்டியர், வேலு நாச்சியார் என்று எந்தப் பெயரைத் தேடினாலும், சாதிப் பெருமை பேசும் காணொலிகள் மேலே வந்து நிற்கின்றன. பின்னணி இசை, மீசை முறுக்கும் அனிமேஷன், கீழே கருத்துப் பெட்டியில் வசவு. நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறு முதலியவற்றைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிற்றைப் பள்ளி வாசலில் கழற்றலாம். போனில் பார்த்துவிட்டு வந்த கதையை எந்த வாசலில் கழற்றுவது? அதனால்தான் ‘பிரச்சினை வேண்டாம், பாடநூலை மட்டும் வாசித்துவிட்டுப் போவோம்’ என்று பல ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் வகுப்பறை ஒதுங்கிக்கொண்டால், களம் முழுக்கச் சாதிக் காணொலிக்கே விடப்படுகிறது. ஒரே போரைச் சொல்லும் இரண்டு காணொலிகளை எடுத்து, ஒவ்வொன்றும் யாரை விட்டுவிட்டது என்று பட்டியல் போடச் சொல்வது பாதுகாப்பான வழி. யார் பெரியவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமே வராது. விடுபட்டவர்களைத் தேடும்போது எல்லாச் சாதிப் பெயர்களும் ஒரே பட்டியலில் வந்து சேரும்.

இன்னொரு எச்சரிக்கை பட்டாசு வட்டாரத்துக்கே உரியது. வேலு நாச்சியாரின் படையில் இருந்த குயிலி உடலில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த கதை அனிமேஷன் காணொலிகளில் மிகவும் பிரபலம். அதன் ஆவண ஆதாரம் மெலிந்தது என்பது ஒரு பக்கம். சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரப் பள்ளிகளில், மருந்து அறை வெடிப்பதைப் பெரிய திரையில் அலறும் ஒலியுடன் காட்டும்போது, வெடிவிபத்தில் வீட்டாரை இழந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை இந்த மண் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் விபத்து இல்லாத ஆண்டு இல்லை. போர்க் காணொலியை ஆசிரியர் முதலில் தனியாகப் பார்த்துவிட வேண்டும், ஒலியைக் குறைக்க வேண்டும், வெடிக்காட்சியைத் தாண்டிவிட வேண்டும். இங்கே இது கட்டாயம்.

அதே வெடிமருந்துதான் இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு உலக வரலாற்றின் கதவையும் திறக்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் ராக்கெட்டுகள் கர்னல் பெய்லியின் படையைக் கலங்கடித்தன. காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய், நீண்ட மூங்கில் கழி, அதனால் கூடுதல் அழுத்தம், கூடுதல் தூரம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டை மேல் ஆங்கிலேயக் கப்பல்கள் எறிந்தவை அவைதான். அன்றிரவு அதைப் பார்த்த பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டே பின்னால் அமெரிக்காவின் தேசிய கீதம் ஆனது. ராக்கெட்டின் சிவந்த ஒளி அந்தப் பாட்டில் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் நிலையத்தில் திப்புவின் ராக்கெட் படை ஆங்கிலேயரைத் தாக்கும் ஓவியத்தைக் கண்டு வியந்ததாக அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சிவகாசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இந்த ராக்கெட் பற்றிய சிறு காணொலி ஓடியபோது நான் பின்பெஞ்சில் இருந்தேன். இரும்புக் குழாய் என்ற சொல் வந்ததும் ஒரு மாணவி எழுந்து, “காகிதக் குழாய்னா பிஞ்சுரும்ல டீச்சர். ஆனா இரும்புல மருந்து கெட்டிக்கையில பொறி கிளம்பாதா?” என்று கேட்டாள். இரும்பும் இரும்பும் உரசினால் என்ன ஆகும் என்பது அவள் வீட்டில் தினமும் சொல்லிக்கொடுக்கும் பாடம். வெடியுப்பு, கந்தகம், கரி என்ற மூன்றின் கலவையை உலகின் எந்த வரலாற்று வகுப்பைவிடவும் இந்தப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். 1775-இல் அமெரிக்கக் கிளர்ச்சியாளர்கள் வெடிமருந்துத் தட்டுப்பாட்டால் திண்டாடியதும், ஆங்கிலேயருக்கு வெடியுப்பு பீகாரிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் போனதும், பிரான்சின் மருந்துதான் அமெரிக்கரைக் காப்பாற்றியதும் இவர்களுக்கு வெறும் தகவலாக இருக்காது. தங்கள் தொழிலின் கதையாக இருக்கும்.

அமெரிக்கப் போருக்கும் நம் போருக்கும் நடுவே ஓடும் நூல்களைக் காட்டக் காணொலியைவிட நல்ல கருவி இல்லை. 1755-இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்குப் பீரங்கியோடு வந்து புலித்தேவரிடம் ஒன்றும் நடக்காமல் திரும்பினார். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் காட்டில் ஜெனரல் பிராடக்கின் ஆங்கிலேயப் படை நொறுங்கியது. உயிர் தப்பியவர்களில் ஜார்ஜ் வாஷிங்டன் ஒருவர். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781-இல் யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-இல் இங்கே தலைமை ஆளுநராக வந்தார். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆற்காடு நவாபிடமிருந்து கம்பெனி வாங்கிக்கொண்ட 1792 ஒப்பந்தம் அவர் காலத்தில் ஆனது. அந்த உரிமையின் பேரில்தான் பின்னால் ஜாக்சன் ஓலை அனுப்பினார்.

இன்னொன்று. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்த அமெரிக்கக் கப்பலின் பெயர் ஹைதர் அலி. ஆங்கிலேயரின் எதிரி என்பதற்காகவே வைத்த பெயர். அதன் தலைவர் ஜோஷுவா பார்னி. 1814-இல் பிளேடன்ஸ்பர்க் போர்க்களத்தில், ஹைதரின் ராக்கெட்டிலிருந்து பிறந்த காங்கிரீவ் ராக்கெட்டுகள் பாய்ந்தபோது எதிரில் நின்றவர்களில் அதே பார்னியும் இருந்தார். இந்த ஒரு மனிதரை வைத்து ஆறு நிமிடத்தில் ஒரு காணொலி எடுத்தால் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே பாடமாகிவிடும். ஆறு நிமிடம் என்பது சும்மா சொன்னதல்ல. இணையவழிப் பாடக் காணொலிகளை ஆராய்ந்து 2014-இல் வந்த ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் பார்ப்பவர் கவனம் கலைகிறது என்று கண்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் சினிமாவுக்கும் நாற்பது நிமிடப் பீரியடுக்கும் எப்படியும் ஒத்துவராது.

அமெரிக்கர்களும் தங்கள் போர்க் காணொலிகளில் யாரை விட்டுவிட்டோம் என்று மெதுவாகத்தான் கேட்கத் தொடங்கினார்கள். 1675-இல் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்ட பூர்வகுடிகள், விடுதலைப் போரில் இரு பக்கமும் நின்ற கறுப்பின அடிமைகள் ஆகியோர் பழைய பள்ளிப் படங்களில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் குழு விடுதலைப் போர் பற்றி 2025 நவம்பரில் வெளியிட்ட பன்னிரண்டு மணி நேரத் தொடர் அவர்களுக்கும் இடம் கொடுக்கிறது. கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் குரல் கொடுத்து வாசிப்பது அவருடைய முறை. நமக்கும் அப்படி வாசிக்கத் தகுந்த ஏடு ஒன்று இருக்கிறது.

ஜேம்ஸ் வெல்ஷ் 1801-இல் கம்பெனிப் படையில் பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கையிலும் போரிட்டவர். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830-இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதுகிறார். பின்னால் அதே சின்ன மருது வேட்டையாடப்பட்டுத் தூக்கில் தொங்கியதையும் எழுதுகிறார். கோட்டை விழுந்த பின் நடந்த ஒன்றையும் அவர் பதிந்திருக்கிறார். மகனைத் தேடிக்கொண்டு ஒரு தாய் போர்க்களத்துக்கு வருகிறாள். குற்றுயிராகக் கிடக்கும் மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவரைத் தூக்கிப்போய் வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். தேடிவந்த எட்டயபுரம் வீரர்களிடம் அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று சொல்ல, அவர்கள் அண்டாமல் போய்விடுகிறார்கள். எதிரியின் பேனாவில் எழுதப்பட்ட இந்தக் காட்சியைவிடச் சிறந்த போர்க் காட்சி எந்தப் படத்திலும் இல்லை. வாள் இல்லை, வெடி இல்லை, வசனமும் இல்லை. அந்தத் தாயின் பெயர்கூட வெல்ஷுக்குத் தெரியவில்லை.

பாஞ்சாலங்குறிச்சிக் கதைப்பாடல்களை நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்தார். 1800-1801 கிளர்ச்சி பற்றிக் கே. ராஜய்யன் 1971-இல் விரிவான நூல் எழுதினார். இவையும் வெல்ஷும் பிள்ளைகளின் கையில் கிடைப்பதில்லை. வெல்ஷின் இருபது பக்கத்தையும், மூவர் குழு விசாரணை ஆவணத்தையும், 1801 ஜூனில் மருது சகோதரர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கையையும் எளிய தமிழில் சிறு தொகுப்பாக அச்சிட்டு, பாடக் காணொலியோடு சேர்த்துக் கொடுப்பது கல்வித் துறைக்குப் பெரிய செலவே இல்லை. அச்சுக்குப் பேர்போன சிவகாசியை வைத்துக்கொண்டு இதை முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கேமரா எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்பதையும் சிவகாசிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த சிறுவர்களை உலகுக்குக் காட்டியது. அந்தப் படம் தேவைப்பட்டது. ஆனால் அதன் பிறகு இங்கே வந்த கேமராக்கள் பலவும் அந்த ஒரே காட்சியைத்தான் தேடின. தங்கள் ஊர் எப்படிப் படம்பிடிக்கப்பட்டது என்று பெற்றோரிடம் கேட்டுவரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கட்டபொம்மன் படத்துண்டைப் போட்டால், படம் எடுப்பவர் எதையெல்லாம் விடுவார் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

அவர்களையே எடுக்கச் சொல்வது அடுத்த படி. ஹைடெக் லேப் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு போன் இருக்கிறது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட கிளர்ச்சியாளர்கள் 73 பேரைப் பற்றி நல்ல பள்ளிக் காணொலி எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர்களில் சிவகங்கை மன்னரும், சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைச்சாமியும் இருந்தார்கள். ஐந்து பேர் கொண்ட குழு, ஒரு வரைபடம், ஆவணத்திலிருந்து இரண்டு பத்தி, ஆறு நிமிடம். ‘இதற்கு உனக்கு என்ன ஆதாரம்?’ என்று ஒவ்வொரு காட்சிக்கும் வகுப்பு கேட்கட்டும். ஆதாரம் சொல்ல முடியாத காட்சியை வெட்டட்டும். ஆதாரமாகக் காட்டிய பத்திகளையும் வெட்டிய காட்சிகளையும் நோட்டில் எழுதித் தந்தால், வகுப்பு மதிப்பீட்டில் அதற்கு மதிப்பெண் கொடுக்கலாம். பொதுத்தேர்வில் அப்படி ஒரு ஐந்து மதிப்பெண் வினா வரும் நாளில், ஸ்மார்ட் போர்டைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளும் சாவியைத் தேடும்.